தேன்கூட்டுப் பீங்கான் தட்டு: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் பலகாரக் கடையின் கேஸ் அடுப்புக்காக, திருநெல்வேலி சந்திப்பு அருகே வாங்கிய கார்டியரைட் (சூட்டில் மிகக் குறைவாகவே விரியும் ஒரு பீங்கான் வகை) தேன்கூட்டுத் தட்டை, அதாவது தேன்கூடுபோல் துளைகள் நிறைந்த தட்டை, ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறோம். முன்பு வேறிடத்தில் வாங்கிய தட்டு, பால் பொங்கி வழிந்த மூன்றாம் வாரத்திலேயே குறுக்காக வெடித்தது. இதுவோ தினமும் சிவக்கக் காய்ந்து ஆறியும் கீறலின்றி இருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குச் சூளையே முதற்காரணம் என்று கருதுகிறேன். டால்க் (மாக்கல் தூள்), கயோலின் (வெண்களிமண்), அலுமினா (அலுமினிய ஆக்சைடு) சேர்த்துப் பிசைந்த கலவையை அச்சின் வழியே பிதுக்கும்போது, களிமண்ணின் தகட்டுத் துகள்கள் துளைகளின் சுவரை ஒட்டி ஒரே திசையில் படிகின்றன. ஏறத்தாழ 1400 டிகிரி செல்சியஸில் போதிய நேரம் சுட்டால்தான் அந்தத் திசையமைப்பு மாறாமல் கார்டியரைட் முழுமையாக உருவாகி, ஆறும்போது தோன்றும், விரிவுக்கு இடம்கொடுக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களும் துணைநிற்க, வெப்ப விரிவு சாதாரணப் பீங்கானைவிட வெகுவாகக் குறைகிறது. சூடு போதாவிட்டால் ஸ்பினல், கிறிஸ்டோபலைட் என்ற இடைநிலைப் படிகங்கள் எஞ்சி விரிவைக் கூட்டும். 1460 டிகிரியை ஒட்டினாலோ கார்டியரைட்டே சிதைந்து உருகத் தொடங்கும். காருகுறிச்சி மண்பானைகளுக்கு இவ்வளவு சூடு தேவையே இல்லை. கார்டியரைட்டிலோ சூளைக்காரருக்குக் கிடைக்கும் வெப்ப இடைவெளி மிகவும் குறுகியது.

விளிம்பு எளிதில் உதிர்கிறது என்பதால் பொருத்தும்போது கவனம் வேண்டும். விரிவுக் கெழுவை (ஒரு டிகிரி சூடு ஏறினால் எவ்வளவு விரியும் என்ற எண்ணை) உறையில் அச்சிடாதது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.