பெங்களூரு அவென்யூ ரோட்டில் அப்பாவின் வேதாகமத்தை பைண்டிங் செய்தேன்: மூன்றரை ஸ்டார்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மைசூர் பேங்க் சர்க்கிளிலிருந்து கே.ஆர். மார்க்கெட் பக்கமாக அவென்யூ ரோட்டில் நடந்தால், கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே ஒரு சந்து, அதற்குள் மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டிங் மெஷின், ஒரு பிரஸ், பசை வாளி, எழுபதை நெருங்கும் பாய் ஒருவர். அவ்வளவுதான் கடை. வண்டி எடுத்துப் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். மெட்ரோவில் சிக்பேட்டில் இறங்கி நடப்பதே நல்லது.

அப்பாவின் வேதாகமம் முதுகு பிளந்து, முதல் புத்தகமான ஆதியாகமம் முழுசாகக் கழன்று கையில் வந்துவிட்டது. கொஞ்ச நாள் ரப்பர் பேண்டு போட்டு ஆராதனைக்குக் கொண்டுபோனேன். எம்.ஜி. ரோட்டில் வேதாகமச் சங்கம் இருக்கும்போது புதுசு வாங்கினால் என்ன என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அப்பா கையெழுத்து புதுசில் இருக்காதே.

பாய் விலை பேசவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து உதறினார். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்த, வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் பத்தொன்பது, அத்தையின் அடக்க ஆராதனை நோட்டீஸ், காய்ந்துபோன குருத்தோலைச் சிலுவை, எல்.ஐ.சி. ரசீது, காலியான காணிக்கைக் கவர் எல்லாம் விழுந்தன. "வயசானதால பிரியல சார், உள்ள அடைச்சு வச்சிருக்கீங்களே, அதுலதான் போச்சு" என்றார். வேதாகமத் தாள் மெல்லிசு, அந்த கனத்துக்குத்தான் முதுகைத் தைத்திருப்பார்களாம். நாம் ஒவ்வொன்றாகச் செருகச் செருக வாய்ப்பக்கம் உப்பி, இழுப்பெல்லாம் தையலில் விழுமாம். எல்லாவற்றையும் ஒரு கேரி பேகில் போட்டுக் கையில் கொடுத்து, "திரும்ப உள்ள வச்சீங்கன்னா ஆறு மாசத்துல மறுபடி வருவீங்க" என்றார். இனி வியாபாரம் வேண்டாம் என்பதுபோல ஒரு கடைக்காரர் பேசி இப்போதுதான் கேட்கிறேன்.

அந்தக் கேரி பேக் எட்டு நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. வாக்குத்தத்த அட்டைகளை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள், வசனம் இருக்கிறதே, குப்பையில் எப்படிப் போடுவது? (இதற்கு யாராவது ஒரு வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.) அடியில் ஒரு துண்டுச் சீட்டு, அப்பா எழுத்தில், "தம்பிக்கு 40,000". சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தது, திரும்பி வரவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அந்தப் பணத்தைக் கேட்டு சித்தப்பாவுக்கு போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. அப்பா போன பிறகு 2011-இல் நான் செய்த காரியத்தை யாரிடமும் சொன்னதில்லை: 109-ஆம் சங்கீதம், அதுதான் அந்தச் சாபச் சங்கீதம், அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் "சித்தப்பா" என்று எழுதி வைத்தேன். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைக் கத்தோலிக்க நண்பர்கள் சொல்லும்போது "தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல" என்று வரும், தீமையை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். நம் புராட்டஸ்டண்ட் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் தப்பிக்க வழியே இல்லை, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று நேரே கடன் என்றே சொல்லிவிடுகிறது. அதையும் ஞாயிறுதோறும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு, சீட்டையும் அதே புத்தகத்துக்குள் வைத்திருந்திருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். ஐந்து நாள் என்று சொல்லி எட்டு நாள் ஆக்கினார். தையல் பிரமாதம். பழைய நூலை முழுக்க உருவிவிட்டு ஃபாரம் ஃபாரமாக, அதாவது மடித்த தாள் கட்டு ஒவ்வொன்றாக, புதுசாகத் தைத்திருக்கிறார், முதுகுக்கு காலிகோ துணி, மேலே கறுப்பு ரெக்சின், பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம். மேசையில் வைத்தால் எந்தப் பக்கத்திலும் தட்டையாக விரிந்து நிற்கிறது. 550 ரூபாய். இந்த வேலைக்கு அது குறைவு.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று கட்டிங் மெஷினில் கொடுத்து நாலைந்து மில்லிமீட்டர் வெட்டிவிட்டார். 127-ஆம் சங்கீதத்துக்குப் பக்கத்தில் நான் பிறந்த தேதியை அப்பா எழுதி வைத்திருந்தார், அதில் மாதம் போய்விட்டது. கேட்டால், "வெட்டாம எப்படி சார் சமமா வரும்?" என்கிறார். முன்பே சொல்லியிருக்கலாம். ஒன்றரை ஸ்டார் போனது அதற்குத்தான்.

அன்று ராத்திரி 109-ஐயும் திறந்து பார்த்தேன். இடது பக்கத்தில் இருப்பதால் சொல்லின் தொடக்கம்தான் வெட்டுப்பட்டிருக்கிறது. "சித்" போய்விட்டது. "தப்பா" மட்டும் மிச்சம். சிரிப்புத்தான் வந்தது, அப்புறம் கொஞ்ச நேரம் சிரிப்பு வரவில்லை.

சீட்டை நான் கிழிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். கரண்ட் பில் ஃபைலில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை, நம்பரை மட்டும் அத்தை மகனிடம் வாங்கி வைத்திருக்கிறேன். நீங்கள் போனால், ஓரம் வெட்ட வேண்டாம் என்று வாயால் சொல்வதோடு விடாதீர்கள், முதல் பக்கத்திலேயே பென்சிலால் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.