ஏர் பிஸ்டலும் பெல்லட் டப்பாவும்: வீட்டுச் சோதனைகளில் எது உருப்படி, எது வெட்டி வேலை

கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு வீட்டிலேயே மருந்து நிரப்பும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நம்மூரில் செய்யலாமா என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம், அதுவும் நாட்டுத் துப்பாக்கி பறிமுதல் என்று பேப்பரில் செய்தி வந்துகொண்டே இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த யோசனையே வேண்டாம். நான் சொல்லப்போவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றால் பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டைப் பத்து மீட்டர் தள்ளியுள்ள தாள் இலக்கில் சுடும் பிஸ்டல். குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போகாமல், குண்டின் ஆற்றலும் 20 ஜூல் அளவைத் தாண்டாமல் இருந்தால் உரிமம் வேண்டாம். போட்டிப் பிஸ்டல் ஆறு ஜூல் அளவில்தான் இருக்கும். ஆனாலும் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சில வருடங்களாக வீட்டுப் பின்கட்டில் பயிற்சி செய்கிறேன். பெல்லட்டைச் சோதிக்க என்னென்னவோ வாங்கிக் குவித்தாயிற்று.

எல்லோரும் முதலில் ஓடுவது தராசுக்குத்தான். நகைக்கடைப் பாணி 0.01 கிராம் தராசு இதற்கு உதவாது. 0.49 கிராம் பெல்லட்டை வைத்தால் ஒரு முறை 0.49, எடுத்து வைத்தால் 0.50 என்று காட்டும், எது பெல்லட்டின் வித்தியாசம் எது தராசின் தள்ளாட்டம் என்றே தெரியாது. மில்லிகிராம் தராசு பரவாயில்லை, ஆனால் ஃபேனை நிறுத்த வேண்டும், முன்கூட்டியே ஆன் செய்து கொஞ்ச நேரம் விட வேண்டும், எடைக்கல் வைத்து அடிக்கடி சரிபார்க்க வேண்டும். மேசை அதிராமல் இருக்க, கிரானைட் பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு மெருகேற்றிய துண்டை வாங்கி வந்து அடியில் போட்டேன், ஊர் கல்லுக்குப் பேர் போனது, அதனால் செலவே இல்லை. சரி, இவ்வளவு பாடுபட்டு எடைவாரியாகப் பிரித்துச் சுட்டதில் மதிப்பெண் ஏறியதா என்றால், இல்லை. ஏர் பிஸ்டல் இலக்குத் தாளில் பத்து மதிப்பெண் தரும் நடு வளையமே 11.5 மி.மீ. அகலம். பெல்லட் எடையில் நாலைந்து மில்லிகிராம் கூடுவதும் குறைவதும் என் மணிக்கட்டு ஆடும் ஆட்டத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அந்தக் கிரானைட் துண்டுதான் வேறு விதத்தில் கைகொடுத்தது. பெல்லட்டைப் படுக்க வைத்து லேசாக உருட்டிவிடுங்கள். தலையைவிடப் பின்பக்கப் பாவாடை கொஞ்சம் அகலம் என்பதால் நல்ல பெல்லட் நேராகப் போகாது, வளைந்து வட்டமடித்துப் போகும். பாவாடை நசுங்கியிருந்தால் தடக் தடக்கென்று துள்ளும், அல்லது பாதியிலேயே நின்றுவிடும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம் தெரியும். கூரியரில் அடிபட்டு வந்த டப்பாவில் இது நிறைய. ஒரு டப்பாவுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது, தராசைவிட நூறு மடங்கு உருப்படியான வேலை.

தலையின் விட்டம் 4.49, 4.50 என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். ஓசூரில் டூல் ரூமில் இருக்கும் மாமா பையன் மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு, "மாமா, இது ஈயம், நான் திருகுற திருகுலயே நசுங்குது, இந்த அளவை நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டான். சுட்டுப் பார்ப்பதுதான் சோதனை. பிஸ்டலை அசையாமல் பிடித்து வைத்து, ஒவ்வொரு ரகத்திலும் ஐந்தைந்தாகச் சுட்டால் எது நெருக்கமாக விழுகிறது என்று தாளே சொல்லும்.

வேகம் அளக்கும் குரோனோகிராஃப் வாங்கியதில் வருத்தமில்லை, ஆனால் நினைத்த காரணத்துக்காக இல்லை. அது பெல்லட்டைவிட ரெகுலேட்டரைத்தான், அதாவது சிலிண்டர் காற்றை ஒரே அழுத்தத்துக்குக் குறைத்துக் கொடுக்கும் பாகத்தைத்தான், நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது. பிஸ்டலைச் சும்மா வைத்துவிட்டு வந்து சுடும் முதல் குண்டு மட்டும் எப்போதும் வேகமாகப் போனால், உள்ளே காற்று மெல்லக் கசிந்து அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். சர்வீஸுக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி பாதுகாப்பு. தோட்டாவுக்கு மருந்து நிரப்புபவர்களின் பெரிய பயம் ஒரே தோட்டாக் கூட்டில் இரண்டு முறை மருந்து விழுவது; நமக்கு அதே இடத்தில் இரண்டு பெல்லட். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற்றினால் சுலபமாக நடக்கும். காற்று குறைந்த சிலிண்டரில் பெல்லட் குழலிலேயே சிக்குவதும் உண்டு. தாளில் ஓட்டை விழவில்லை, சத்தம் சப்பென்று இருந்தது என்றால் அடுத்ததை ஏற்றித் தள்ளப் பார்க்காதீர்கள், சிலிண்டரைக் கழற்றிவிட்டு, தேங்கிய காற்று போனபின் கம்பியால் தள்ளி எடுங்கள். சுடாத நேரமெல்லாம், உள்ளே பெல்லட் இல்லை என்று காட்ட, குழல் நெடுக நுழைத்த பாதுகாப்புக் கயிறு இருக்கட்டும், வெளியே தெரிகிற கலரில்.

சிலிண்டர் விஷயத்தில் மட்டும் நான் கறார். அதில் நிரப்பும் காற்றின் அழுத்தம் 200 பார், கார் டயரில் இருப்பதைப்போல கிட்டத்தட்ட நூறு மடங்கு. தயாரித்த தேதி சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும், அதிலிருந்து பத்து வருடம்தான் ஆயுள், சர்வதேசப் போட்டி விதியும் அதேதான். பழைய பிஸ்டல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கப் போகிறவர்கள் முதலில் இந்தத் தேதியைப் பாருங்கள், முடிந்திருந்தால் புதுச் சிலிண்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மே மாத வெயிலில் பூட்டிய காரில் விடாதீர்கள். 25 டிகிரியில் 200 பார் இருந்தது 60 டிகிரியில் 220ஐத் தாண்டிவிடும். அப்புறம், "வெல்டிங் கடையிலயே ஏத்திக்கலாமே, சிலிண்டர் இருக்கே" என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். அது ஆக்ஸிஜன். அந்த அழுத்தத்தில் துளி எண்ணெயோ கிரீஸோ பட்டாலே பற்றிக்கொள்ளும். ஈரமில்லாத சுத்தமான காற்று மட்டும்தான்.

ஈயத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெல்லட்டைத் தொட்ட கையோடு முறுக்கு தின்னாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சுட்ட பெல்லட்டைப் பிடிக்க இலக்குக்குப் பின்னால் வைக்கும் பிடிபெட்டியில் சேரும் தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், குழந்தைகள் புழங்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் மில்லிகிராம் தராசுக்கான பணத்தில் மூன்று ரகம் பெல்லட் வாங்கிச் சுட்டுப் பாருங்கள், ஒத்துப்போகிற ரகத்தில் ஒரே லாட் எண் (ஒரே தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) போட்ட டப்பாக்களாகக் கேட்டு வாங்குங்கள். என் தராசு இப்போது வீட்டில் ஏலக்காய் நிறுக்கிறது.