வரலாற்று டிகிரியும் இரண்டு குறுகிய காலக் கோர்ஸ்களும்: மூன்று வருடம் கழித்து

பி.ஏ. வரலாறு முடித்து வேலை தேடிய நாட்களில் நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வி, "சரி, உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்பதுதான். பழைய நிலவரிப் பதிவேடுகளைப் பற்றி அரை மணி நேரம் பேசத் தெரியும் என்றா சொல்வது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இரண்டு குறுகிய காலப் பயிற்சிகளில் சேர்ந்தேன். ஒன்று வீண். இன்னொன்றால்தான் இன்று பிழைப்பு ஓடுகிறது.

வீணாய்ப் போனது டிஜிட்டல் மார்க்கெட்டிங், மூன்று மாதம். "நூறு சதவீத வேலை உறுதி" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தில் அதுவே "வேலை தேட உதவி" என்று சுருங்கியிருந்தது, நான் கவனிக்கவில்லை. ஆவணத்தை வரிவரியாகப் படிக்க மூன்று வருடம் பயிற்சி பெற்றவன், சொந்த விஷயத்தில் கோட்டை விட்டேன். வகுப்பு முழுக்க ஸ்லைடுகள். ஒரே ஒரு விளம்பரத்தைக்கூட நாங்கள் கையால் செய்து பார்க்கவில்லை.

இப்போது யாராவது கேட்டால், சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். போன பேட்ச்சில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? முடித்தவர்கள் எத்தனை பேர்? வேலைக் கணக்கு இதில் யாரை வைத்துப் போட்டது? நூறு பேர் சேர்ந்து, நாற்பது பேர் முடித்து, முப்பத்தாறு பேருக்கு வேலை கிடைத்தால், "தொண்ணூறு சதவீதம்" என்று கூசாமல் எழுதலாம்.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. "ஏதாவது ஒரு டிகிரி போதும்" என்று கேட்கும் வேலை அறிவிப்புகளில் அறுபதை இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். கேட்கும் திறன் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு. எக்செல்லுக்கு நாற்பத்து மூன்று கோடு விழுந்தது, தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லுக்கு (SQL) இருபத்தொன்று. நான் பெரிதாக நினைத்திருந்த போட்டோஷாப்புக்கு நாலே நாலு. அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் கோர்செரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் கூகுளின் டேட்டா அனலிட்டிக்ஸ் (தரவுப் பகுப்பாய்வு) சான்றிதழ்ப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன். வாரம் பத்து மணி நேரத்துக்குள் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்றார்கள். எனக்கு எட்டு மாதம் ஆனது, சோம்பல் என்னுடையது. கட்டணம் கட்ட முடியாதவர்கள் நிதியுதவிக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. ஏன் உதவி வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். எழுதுவதென்றால் நம்மைப் போன்றவர்களுக்குக் கேட்கவா வேண்டும்!

ஆனால் வேலை வாங்கித் தந்தது சான்றிதழ் அல்ல, பயிற்சிக்காக நானே செய்த ஒரு கோப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் துறைமுகத்துக்கு வந்த ஆங்கிலக் கப்பல்களின் பட்டியலை எக்செல்லில் ஏற்றினேன். 1900க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும் என்பது அன்றுதான் தெரிந்தது. (1900ஆம் ஆண்டில் இல்லாத பிப்ரவரி 29 மட்டும் அதில் உண்டு. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்குத்தாள் மென்பொருளில் இருந்த பிழையை, கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள்.) நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பத்தியாகப் பிரித்துச் சமாளித்தேன். அதைவிடப் பெரிய சிக்கல் காலண்டர். பிரிட்டன் புதிய காலண்டருக்கு மாறியதால் அங்கே 1752இல் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதற்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்ததே மார்ச் 25இல்தான். ஆக, பழைய ஏட்டில் "பிப்ரவரி 1740" என்று இருந்தால் அது நம் கணக்கில் 1741ஆக இருக்கலாம். எந்த வரியை எப்படித் திருத்தினேன், ஏன் திருத்தினேன் என்று இரண்டு பக்கக் குறிப்பும் எழுதி வைத்தேன். இன்டர்வியூவில் இருபது நிமிடம் அதைப் பற்றியே பேசினார்கள். சான்றிதழை "அப்புறம் அனுப்புங்கள்" என்றதோடு சரி.

மூன்று வருடத்தில் எது நின்றது? பெரிய பட்டியலைச் சுருக்கிக் காட்டும் எக்செல்லின் பிவட் டேபிள் தினமும் வேண்டியிருக்கிறது. எஸ்கியூஎல்லும் அப்படித்தான்: செலக்ட், வேர், குரூப் பை, ஜாயின் ஆகிய நான்கு கட்டளைச் சொற்களை வைத்தே பாதி நாள் ஓடிவிடும். 1986இல் தரப்படுத்தப்பட்ட மொழி, அடிப்படை அவ்வளவு சீக்கிரம் மாறாது. எட்டு மாதத்தில் நல்ல பங்கைத் தின்ற, புள்ளியியலுக்கான ஆர் (R) நிரல் மொழியை வேலைக்கு வந்த பிறகு ஒரு முறைகூடத் திறக்கவில்லை. என் நோட்டில் அதற்கு இரண்டே கோடு விழுந்திருந்தது, உண்மையைச் சொன்னால்.

கோர்ஸ் முடித்துவிட்டோம் என்ற தெம்பில் முதல் வருடமே ஒரு அடி வாங்கினேன். ஒரு பட்டியலில் தேடி அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும் எக்செல்லின் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலாவில் நான்காவது இடத்தை நிரப்பாமல் விட்டால் அது தோராயமான பொருத்தத்தைத் தேடும். பட்டியல் வரிசையில் இல்லாவிட்டால் தவறான விடையை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தந்துவிடும். முந்நூறு வரி அறிக்கை அப்படியே மேலிடத்துக்குப் போய்விட்டது. மறுநாள் நானே கண்டுபிடித்துச் சொன்னேன் என்பதால் தப்பித்தேன். இப்போது அதே வேலையைச் செய்யும் புதிய ஃபார்முலாவான எக்ஸ்லுக்கப்தான் (XLOOKUP), அது கேட்காமலே சரியான பொருத்தத்தைத் தேடும்.

அடுத்த மாதமே சம்பளம் வந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. படிப்பு முடிந்த பிறகும் எனக்கு வேலை கிடைக்க நான்கு மாதம் ஆனது, அதுவரை பகுதி நேரமாகப் பாடம் சொல்லிக் கொடுத்துத்தான் ஓட்டினேன்.

சான்றிதழ் இப்போது ரெஸ்யூமேயின் கடைசி வரிக்கு இறங்கிவிட்டது. அந்தக் கப்பல் பட்டியலில் மட்டும் இன்னும் நாற்பது வரிகளுக்குத் தேதி முடிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.