கூர்ந்து கவனிக்கும் ஆய்வா, மருந்துச் சோதனையா?

பல்கலைக்கழக முதுமை ஆய்வில் சேர விரும்பும் மூத்தவர்கள் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது, தம்மிடம் கேட்கப்படுவது தகவல் மட்டுமா அல்லது மாத்திரையும் விழுங்க வேண்டுமா என்பதையே.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ‘லோதியன் பிறப்புக் குழு 1936’ முதல் வகையைச் சேர்ந்தது. 1947 ஜூன் மாதம், பதினோரு வயதில் வகுப்பறையில் எழுதிய அதே அறிவுத்திறன் தேர்வை, 1,091 பேர் எழுபதையொட்டிய வயதில் மறுபடியும் எழுதினார்கள். அதன்பின் ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை நினைவாற்றல் சோதனை, இரத்த மாதிரி, மூளை ஸ்கேன் என்று அது தொடர்ந்தது. இதில் செலவாவது பெரும்பாலும் நேரமும் பொறுமையும்தான். உடனடிப் பலன் ஏதும் கிடைக்காது.

மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய ‘ஆஸ்ப்ரீ’ வேறு வகை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும், பெரும்பாலும் எழுபது கடந்த 19,114 பேர் தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினையோ, பார்வைக்கு அதைப் போன்றே இருந்த வெற்று மாத்திரையையோ உட்கொண்டார்கள். தம் கையில் இருப்பது எது என்பது அவர்களுக்கும் தெரியாது, ஆய்வாளர்களுக்கும் தெரியாது. 2018இல் வெளியான முடிவு, ஆரோக்கியமான முதியோருக்கு ஆஸ்பிரின் இயலாமையற்ற வாழ்நாளை நீட்டிக்கவில்லை என்றும், கடும் இரத்தக்கசிவைக் கூட்டியது என்றும் காட்டியது. வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள சாதாரண மாத்திரைக்கே இந்த நிலை!

ஆகவே பல மருந்துகள் உட்கொள்பவருக்கு முதல் வகையையே நான் பரிந்துரைப்பேன். இரண்டாவதில் சேர்பவர், ஒப்புதல் படிவத்தைத் தம் மருத்துவரிடம் காட்டியபின் கையொப்பமிடட்டும்.