ஹோல்டில் ஓடும் குரல்: மூன்று வருஷம் கழித்து

செல்லப்பிராணி கிளினிக் ஒன்றில் ரிசப்ஷன் என் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு முன், ஹோல்டில் போட்டால் ஓடும் இசையைத் தூக்கிவிட்டு, அந்தந்தப் பருவத்துக்கான எச்சரிக்கைகளைப் பதிவு செய்து போட்டோம். அந்த இசையை யாரும் தேடவில்லை. சாதாரண போன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும்; பேச்சுக்கு அது போதும், வயலின் கரகரக்கும்.

முதல் பதிவை எழுதியது நான். அதில் ஒரு வாக்கியம்: "பூனைக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் கொடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள்." ஒருநாள் போனை எடுத்ததும் ஒருவர் கேட்டார்: "எவ்வளவு கொடுக்கணும்னு சொல்லலையேங்க, அரை மாத்திரையா?" எனக்குக் கை நடுங்கிவிட்டது. "கொடுக்கலாம்" வரை கேட்டிருக்கிறார், அந்த இடத்தில் நான் குறுக்கே வந்துவிட்டேன். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது; ஒரு மாத்திரையே உயிரை எடுக்கலாம். நல்லவேளை, கேட்டுவிட்டுக் கொடுக்க நினைத்தார்.

தமிழில் 'கூடாது', 'வேண்டாம்' எல்லாம் கடைசியில்தான் வரும். ஹோல்டில் ஓடும் பேச்சோ எந்த நொடியும் அறுபடும். அன்றைக்கே மாற்றினேன்: "பாராசிட்டமால் பூனைக்கு விஷம்." எங்கே அறுந்தாலும் அர்த்தம் தலைகீழாகாது. லில்லிப் பூவுக்கும் அதே கதைதான். "லில்லி பூனைக்கு விஷம். மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் கெடும்."

இன்னொரு சிக்கல், எங்கள் சிஸ்டத்தில் பதிவு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அழைப்பவர் ஓடுகிற பஸ்ஸில் ஏறுவது மாதிரி நடுவில்தான் ஏறுவார். ஆகவே ஒவ்வொரு குறிப்பும் பத்துப் பன்னிரண்டு நொடிக்குள் தன்னளவில் முடிய வேண்டும். அவசரமா என்பதை மட்டும் பதிவை நம்பி விடுவதில்லை. ஹோல்டில் போடும் முன் நானே கேட்டுவிடுகிறேன். வெயிலில் சுருண்டு விழுந்த நாயை மடியில் வைத்திருப்பவருக்கு எச்சரிக்கை எதற்கு?

எது பலித்தது என்றால், எண் உள்ள செய்திதான். "வெளியே 24 டிகிரி என்றாலும், நிறுத்திய காருக்குள் 10 நிமிஷத்தில் 34, அரை மணியில் 43." இதைக் கேட்டுவிட்டு, "கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சாக்கூடவா?" என்று கேட்டவர்கள் பலர். ஆமாம், அப்போதும்தான். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரையும் எலிக்காய்ச்சலையும் பற்றிச் சொன்னால், "எங்க நாய்க்கு அந்த ஊசி போட்டாச்சா, பாருங்க" என்று விசாரிக்கிறார்கள். "செல்லங்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற பொதுப் பேச்சுக்கு ஒருவரும் வாய் திறந்ததில்லை. எடுத்துவிட்டேன்.

பட்டாசுச் செய்தியை முதல் வருஷம் முந்தின நாள்தான் போட்டோம், வீண். சத்தத்துக்கு மிரளும் நாய்க்கு மருந்து வேண்டுமென்றால் டாக்டர் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். இப்போது மூன்று வாரம் முன்பே ஓடுகிறது.

டாக்டர் குரலிலும் ஒருமுறை பதிந்தோம். அவரே லைனில் வந்துவிட்டார் என்று நினைத்து, "டாக்டர்... டாக்டர்..." என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டே நாளில் என் குரலுக்குத் திரும்பினோம்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு வருஷம் மாற்ற மறந்து, அடைமழையில் சூடான தார் ரோட்டைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. அடிக்கடி அழைப்பவர்களுக்குச் சலிப்பும் தட்டுகிறது. சர்க்கரை நோயுள்ள பூனை வளர்க்கும் ஒரு அம்மா, நான் எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல், "அரை மணியில் 43, தெரியும்மா. இன்சுலின் வந்துடுச்சா?" என்கிறார்.