ஒரு காருக்கு மூவரா, ஒருவரா?

2026 உலக ராலி கார் பந்தய சீசனுக்கு முன் இரண்டு அணிகளில் தலா ஒரு முன்னாள் சாம்பியனின் சீட் காலியானது. டொயோட்டாவில் ரொவன்பெரா, ஹூண்டாயில் தானக்.

ஹூண்டாய் அந்தக் காரை சோர்டோ, லாப்பி, பேடன் மூவருக்கும் பிரித்துக் கொடுத்தது. தார் ரோடு என்றால் சோர்டோ கெட்டி. இதில் ஒரு லாபமும் உண்டு: முதல் நாள் புள்ளி வரிசைப்படிதான் கார்கள் கிளம்பும். முன்னால் போகிறவர் மண் பாதையில் தளர்ந்த சரளையைக் கூட்டித் தள்ள, சில ராலிகளே ஓட்டிப் புள்ளி குறைவாக வைத்திருக்கும் இவர்கள் பின்னால் வரும்போது பிடிமானமுள்ள பாதை கிடைக்கும்.

டொயோட்டா ஆலிவர் சோல்பெர்க்கை முழு சீசனுக்கு இறக்கியது. 2025 எஸ்டோனியாவில் கிடைத்த ஒற்றை வாய்ப்பிலேயே ஜெயித்தவர்.

என் ஓட்டு இதற்குத்தான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் தினமும் கேரட் லோடு இறக்கும் டிரைவர் அண்ணன்களைப் பாருங்கள். பிரேக்கைச் சூடாக்காமல் இரண்டாவது கியரிலேயே வண்டியைப் பிடித்து வருவார்கள். மூடுபனியிலும் எந்த வளைவில் தண்ணீர் வழியும் என்பது அத்துப்படி. எப்போதாவது ஸ்டியரிங் பிடிப்பவருக்கு, எவ்வளவு கைதேர்ந்தவரானாலும், அந்தப் பழக்கம் வராது. சோல்பெர்க் சில ராலிகளில் காரைக் கவிழ்த்தாலும் பரவாயில்லை, அடுத்த ராலியிலும் அதே சீட்டில் அவரே உட்கார வேண்டும்.