கவுன்சிலின் 21 நாள் கருத்துக்கேட்பு: 5க்கு 3 நட்சத்திரம்

இங்கிலாந்தில் குடியிருக்கிற எவருக்கும் என்றைக்காவது இந்தச் சேவை தேவைப்படும், ஆனால் இதை ஒரு சேவை என்று யாரும் நினைப்பதில்லை. தெருமுனையில் வண்டி நிறுத்தக் கூடாது என்று இரட்டை மஞ்சள் கோடு போட வேண்டுமா, தெருவை ஒருவழிப் பாதை ஆக்க வேண்டுமா, இதுவரை இலவசமாக கார் நிறுத்திய இடத்துக்கு பெர்மிட் கொண்டுவர வேண்டுமா, எதுவானாலும் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், ஒரு போக்குவரத்து ஆணை போட வேண்டும், வழக்கமாக அதற்கு முன்னால் நம்மிடம் கேட்கவும் வேண்டும். எங்கள் தெருவுக்கு அப்படி ஒன்று வந்தது. கவுன்சிலின் பெயர் வேண்டாம், விதிகள் எங்கும் ஒன்றுதான்.

முதல் நட்சத்திரம் போனது அறிவிப்பில். 1996ஆம் ஆண்டின் விதிகள்படி உள்ளூர் செய்தித்தாளில் நோட்டீஸ் போடுவது கட்டாயம், லண்டன் என்றால் லண்டன் கெசட் என்ற அரசிதழிலும் போட வேண்டும். விளக்குக் கம்பத்தில் தாள் கட்டுவதும் வீட்டுக்குக் கடிதம் அனுப்புவதும் கவுன்சிலுக்குச் சரி என்று பட்டால் மட்டும். உள்ளூர் பேப்பரை இப்போது யார் வாங்குகிறார்கள்? எங்கள் தெருவில் கம்பத்தில் கட்டினார்கள், பிளாஸ்டிக் உறைக்குள் மழைத்தண்ணீர் இறங்கி பாதி எழுத்து ஊறிப்போயிருந்தது, மிச்சமிருந்த பாதியோ எந்தச் சுவரிலிருந்து எந்தத் திசையில் எத்தனை மீட்டர் என்று நிலப் பத்திரம் போல ஓடியது. வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் அது யார் வீட்டு வாசல் என்பதே புரிந்தது.

வரைவு ஆணை, வரைபடம், காரண அறிக்கை எல்லாவற்றையும் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். காரண அறிக்கையைத்தான் முதலில் படியுங்கள், பெரும்பாலும் அதுதான் மிகச் சின்னது! கவுன்சில் நினைத்தபடி எல்லாம் ஆணை போட முடியாது. விபத்து அபாயத்தைத் தவிர்க்க, சாலை சேதமாகாமல் காக்க, போக்குவரத்து தடையில்லாமல் நகர, அந்தத் தெருவுக்குப் பொருந்தாத வண்டிகளைத் தடுக்க, காற்றின் தரத்துக்காக என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் காரணங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. நம் ஆட்சேபணையும் அதற்குப் பதில் சொல்வதாக இருந்தால்தான் எடுபடும். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று நூறு பேர் எழுதுவதைவிட, 'அந்த முனையில் கோடு போட்டால் வண்டிகள் அடுத்த வளைவில் போய் நிற்கும், அங்கே பார்வை மறையும்' என்று ஒருவர் எழுதுவது மேல். இது வாக்கெடுப்பு இல்லை. தெருவில் பலர் இதை ஏற்க மறுத்து கையெழுத்து வாங்க அலைந்தார்கள்.

சேவையின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டணம் இல்லை, குடியுரிமை கேட்பதில்லை, கார் வைத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. போன் செய்தபோது பேசிய பொறியாளர் பொறுமையாக வரைபடத்தை விளக்கினார், கடைசியில் கோட்டின் நீளத்தையும் கொஞ்சம் குறைத்தார்கள், மூன்று நட்சத்திரத்தில் பாதி அவருக்குத்தான். சட்டம் கட்டாயமாகக் கலந்துபேசச் சொல்கிறவர்களில் லாரி நிறுவனங்களின் சங்கங்கள் இரண்டைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தெருவில் குடியிருப்பவர்களுக்கு கம்பத்துத் தாள்.

இரண்டாவது நட்சத்திரம் போனது குழப்பத்துக்கு. பல கவுன்சில்கள் முதலில் ஒரு ஆன்லைன் கருத்துக்கணிப்பு நடத்தும், உங்கள் தெரு எப்படி இருக்கிறது, சைக்கிள் ஓட்டுவீர்களா என்றெல்லாம் கேட்கும். பக்கத்து வீட்டு அக்கா அதில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். ஆனால் முறையான நோட்டீஸ் அப்புறம் தனியாக வருகிறது, அதன்பேரில் மறுபடி எழுதினால்தான் சட்டப்படி அது ஆட்சேபணை. இதைக் கருத்துக்கணிப்பின் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

எல்லாவற்றுக்கும் ஒரே வழி என்றும் நினைக்காதீர்கள். வேகத்தடை மேடு 1980ஆம் ஆண்டின் வேறு சட்டத்தில் வருகிறது, அதற்கும் 21 நாள் உண்டு. ஜீப்ரா கிராசிங்குக்கு போலீசைக் கலந்துகொண்டு பொது அறிவிப்பு கொடுத்தால் போதும். பொருள் ஏற்றி இறக்குவதை காலை, மாலை நெரிசல் நேரங்களுக்கு வெளியேயும் தடுக்கும் ஆணைக்கு ஆட்சேபணை வந்து, அதை வாபஸ் வாங்காமல் இருந்தால், பெரும்பாலும் பொது விசாரணையே நடத்த வேண்டியிருக்கும். கடை வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆணை போட்டதும் 14 நாளுக்குள் ஆட்சேபித்தவர்களுக்குக் காரணத்தோடு கடிதம் வர வேண்டும். எங்களுக்கு வந்தது ஒரு அட்டவணை, பாதிக் கட்டங்களில் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று மட்டும். இதற்கு மேல் உயர் நீதிமன்றம்தான், 6 வாரத்துக்குள் போக வேண்டும், அதுவும் அதிகாரம் மீறினார்கள் அல்லது நடைமுறை தவறினார்கள் என்றுதான் வாதாட முடியும், முடிவு மோசம் என்று வாதாட முடியாது. செலவை நினைத்தாலே பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனாலும் கதவு பூட்டியில்லை. 2025இல் லண்டனின் மேற்கு டல்விச் பகுதிக் குடியிருப்பாளர்கள், தாங்கள் கொடுத்த விரிவான ஆவணத்தை லாம்பெத் கவுன்சில் கணக்கில் எடுக்கவில்லை என்று வாதாடி வென்றார்கள்.

உங்கள் தெருவில் நோட்டீஸ் தெரிந்தால் முதலில் 'சோதனை ஆணை' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் கணக்கே மாறும்: முதலில் தடுப்பு வரும், அப்புறம்தான் கேள்வி. அதிகபட்சம் 18 மாதம் இருக்கும், அமலுக்கு வந்த நாளிலிருந்து 6 மாதம் ஆட்சேபிக்கலாம். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது, கற்பனை செய்து எழுதுவதற்குப் பதில் நடப்பதைப் பார்த்து எழுதலாம். நெரிசல் நேரத்தில் போட்டோ எடுத்து, தேதியோடு அனுப்புங்கள்.